பேசாத மைக்கில் கேட்பது என்ன?

மலிவு விலை மிக்சர் வாங்கப் போகிறவர் கடையில் பெரும்பாலும் செல்பேசியைச் செருகி ஒரு பாட்டைப் போட்டுப் பார்க்கிறார். பளிச்சென்று கேட்கிறது, பில் போடச் சொல்லிவிடுகிறார். அந்தச் சோதனையில் எந்த மிக்சரும் தேறிவிடும். செல்பேசி தரும் ஒலி ஏற்கெனவே பலமானது.

மிக்சரின் வேலை மைக்கில்தான் தொடங்குகிறது. 1966 முதல் மேடைகளில் புழங்கும் ஷ்யூர் எஸ்எம்58, உரத்த குரலுக்கே சில மில்லிவோல்ட்தான் தரும். மெல்லப் பேசினால் அதிலும் சொற்பம். இதை ஆயிரம் மடங்குவரை, அதாவது 60 டெசிபல்வரை, பெருக்குவது மிக்சருக்குள் இருக்கும் ப்ரீஆம்ப். குரலோடு இரைச்சலும் சேர்ந்தே வளரும். தரம் தெரிவது இங்கேதான்.

அமெரிக்காவின் கிரெக் மாக்கி தொடங்கிய நிறுவனம் 1991இல் கொண்டுவந்த சிஆர்-1604, சிறிய மிக்சரிலும் சுத்தமான ஒலி கிடைக்கும் என்று காட்டியது. அதில் சானல் 16, மைக் ப்ரீஆம்ப் 6. இன்றைக்கும் பெயரில் உள்ள எண்ணை நம்பிவிடக் கூடாது: யமஹா எம்ஜி10எக்ஸ்யுவில் மைக் போடும் இடம் நான்குதான். பெரிங்கர் 1202இலும் நான்கே.

சோதிக்கும் முறை எளிது. மைக்கைச் செருகி, யாரும் பேசாமல், ஹெட்போனில் கேட்டபடி கெயினை மெல்ல ஏற்ற வேண்டும். முக்கால் திருகுவரை மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் கேட்டால் நல்ல மிக்சர். கடைசித் திருப்பத்தில் ஒலி திடீரென்று தாவினால், அந்தக் கெயின் குமிழை நம்பி மேடையேற முடியாது. பிறகு, ஒரு முழம் தள்ளி ஒரு தம்புராவை மீட்டச் சொல்லிக் கேட்கலாம். தந்தி அடங்கும்போது எழும் நுண்ணிய ரீங்காரம் கடைசிவரை கேட்கிறதா, இரைச்சலில் மூழ்கிவிடுகிறதா? தம்புராவைவிடக் கண்டிப்பான பரிசோதகர் கிடைப்பது அரிது.

'ம்ம்' என்ற அடித்தொனி உறுமல் வேறு சங்கதி. அது பெரும்பாலும் எர்த் கோளாறு, அல்லது கேபிள் கோளாறு. மிக்சரோடு இணைத்த லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றியதும் உறுமல் நின்றால், மிக்சர்மேல் பழி இல்லை.

பெட்டியில் அச்சிட்ட எஃபெக்ட் எண்ணிக்கைக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல கேபிள் வாங்கலாம். கடைக்குப் போகும்போது சொந்த மைக்கையும் ஹெட்போனையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.