சோற்றுக்குப் பஞ்சம், சுற்றுநிருபத்துக்கு இல்லை

(பலாபத்வலவில் கமக்காரரும் ஆசிரியரும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நாம் கூடியிருக்கும் இந்த ஊர் கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலையில் உள்ளது. மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்ததும் இத்திசையில்தான். தமிழ்நாட்டில் வாட்டிய பசிக்குத் தப்பி வந்தவர்கள் அவர்கள். வழியிலே மாண்டவர் பலர். அந்தப் பசி அவர்தம் பேரப்பிள்ளைகளை விட்டதா? அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

பசி வானத்திலிருந்து விழுவதாகச் சொல்வது ஆட்சியாளர் வழக்கம். மழை பொய்த்தது என்பர். உலகச் சந்தையில் விலை ஏறிற்று என்பர். கொள்ளைநோய் வந்தது என்பர். அவையும் உண்மையே. ஆனால், இந்நாட்டின் பெரும் உணவு நெருக்கடிகளை அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றின் கீழும் மந்திரிசபையின் கையெழுத்து இருக்கிறது.

1953 ஜூலையில் 25 சதத்துக்குக் கிடைத்த ஒரு கொத்துக் கூப்பன் அரிசி 70 சதமாயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தாலில் நாடே எழுந்தது. அக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசியில் கை வைத்தால் நாற்காலி ஆடும் என்பதை அரசியல்வாதிகள் அன்று கற்றனர். கற்ற பாடத்தை எப்படிப் பயன்படுத்தினர்? 1970இல் இரண்டு கொத்து அரிசி தருவதாக வாக்குக் கேட்டனர்; 1973இல் பாண் கடைமுன் விடியுமுன்னே மக்களை வரிசையில் நிறுத்தினர்! மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோனவனைக் கள்ளனைப்போல் மறித்துச் சோதித்தனர். இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயக் கமக்காரர் அக்காலத்தில் கொஞ்சம் தலைநிமிர்ந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. 1974இல் தோட்டப்புற இறப்பு விகிதம் பாய்ந்து ஏறிற்று. காரணம் எளிது. கிராமத்தானுக்குப் பின்வளவில் பலாமரமாவது நின்றது. லயன் அறைக்குப் பின்னால் நின்றது துரையின் தேயிலை.

இனி, நாம் எல்லோரும் அனுபவித்த கதைக்கு வருகிறேன். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். திறைசேரி வற்றிற்று. டொலரும் வற்றிற்று. சேதனப் பசளைக்குப் பத்தாண்டுகளில் மாறுவோம் எனத் தேர்தலில் சொன்ன கோட்டாபய ராஜபக்ச, 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானியால் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தார். பத்தாண்டு வேலை ஒரே இரவில்! கமக்காரனைக் கேட்டார்களா? இல்லை. விவசாய விஞ்ஞானிகள் கேளாமலே எச்சரித்தனர். குரல் கொடுத்த பேராசிரியர் புத்தி மாரம்பே விவசாய அமைச்சில் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். படித்தவன் சொல்லுக்கு அன்று கிடைத்த மரியாதை அது.

நவம்பரில் தடையைத் தளர்த்தினர். பயிர் காத்திருக்குமா? பெரும்போகம் படுத்துவிட்டது. பசளையில் மிச்சம்பிடிப்பதாகச் சொன்ன அந்நியச் செலாவணி அரிசி வாங்கப் போயிற்று. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த தேயிலை விளைச்சல் மறு ஆண்டு 25 கோடியாயிற்று. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அரசாங்கம் கைவிரித்தது. தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி அழுக, டீசலுக்கு லொறிகள் வரிசையில் கிடந்தன. செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம்.

இந்தச் சதவீதத்தைத் தோட்டத்துத் தாயின் கணக்கில் சொல்கிறேன். 2021 மார்ச்சில், ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின், நாட்சம்பளம் 1,000 ரூபாயாயிற்று. அன்று அது ஐந்து டொலர். ஓராண்டுக்குச் சற்று மேல் கழிந்தபோது மூன்று டொலரும் இல்லை. முன்னர் ஐந்நூறு சொச்சத்துக்கு வாங்கிய உணவுக்கு முழு ஆயிரமும் போயிற்று. உயர்ந்த சம்பளத்தை விலைவாசி விழுங்கிவிட்டது. அடுத்த உயர்வுக்கு 2024 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தோட்டப்புற மக்களில் பாதிப்பேர் வறுமைக் கோட்டின் கீழ் வீழ்ந்ததாக உலக வங்கியே கணித்தது.

அப்போது வந்தது ஒரு சுற்றுநிருபம். 2022 ஜூனில் அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்றனர். நல்ல யோசனை! பத்தடி அறையில் வாழ்பவன் மரவள்ளியை எங்கே நடுவான்? கூரையிலா? இருநூறு ஆண்டுகளாக இந்த மலையைக் கொத்துகிறவனுக்குத் தனக்கெனக் கொத்த ஒரு முழம் மண் இல்லை.

கோட்டாபய 2022 ஜூலையில் ஓடினார். அவரும் அவர் சகோதரரும் மற்றையோரும் இந்தச் சீரழிவுக்குப் பொறுப்பானவர்களென 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்று. ஆனால் அத்தீர்ப்பு எந்த லயனுக்கும் நிலம் தரவில்லை. புதிய வீட்டுத் திட்டங்களில் கொடுத்த ஏழு பேர்ச், வீடு கட்டியதும் தீர்ந்துபோகும்.

ஆகவே நான் கேட்பது இது. இவ்வட்டாரத் தோட்டங்களில் பயிரின்றிக் காடாகிக் கிடக்கும் நிலம் எவ்வளவு, எந்தப் பிரிவில், எத்தனை ஏக்கர் என்ற பட்டியல் வேண்டும். அந்நிலத்தை உறுதிப்பத்திரத்தோடு தொழிலாளர் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டுமென மாத்தளை மாவட்டச் செயலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பட்டியலை எழுத ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். மனுவை வரைய வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள். எந்த மண்ணில் எது விளையும் என்று சொல்லக் கமக்காரர் இருக்கிறீர்கள். அடுத்த பெரும்போக மழைக்குமுன் மனு செயலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்க விரும்புவோர் மேடையருகே வாருங்கள்.