முதுமையும் பல்லும்

முதியவர் ஒருவரின் பல் ஆடத் தொடங்கினால், "வயது போய்விட்டது, பல்லும் போகத்தானே வேண்டும்" என்று வீட்டார் தேற்றுவது நம்மிடையே வழக்கம். தலை நரைப்பதும் பல் விழுவதும் ஒரே வகையின என்று பலர் கருதுகின்றனர். இது தவறு. நரை வயதினால் வருவது. பல் விழுவதோ பெரும்பாலும் நோயினால் வருவது. நோயாயின், அதனைத் தடுக்கவும் இயலும்.

ஜப்பானில் 1989ஆம் ஆண்டு ஓர் இயக்கம் தொடங்கப்பெற்றது. 80 வயதிலும் சொந்தப் பற்கள் 20 ஆவது எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். அன்று மிகச் சிலருக்கே வாய்த்திருந்த அப்பேற்றை, இன்று அந்நாட்டில் அவ்வயதினருள் பாதிக்கு மேற்பட்டோர் எய்தியுள்ளனர்.

பல்லுக்குப் பகை இரண்டு. முதலாவது முரசு நோய். பல்லும் முரசும் சேருமிடத்தில் கிருமிகள் படலமாகப் படியும். துலக்கி நீக்காவிடின் அப்படலம் காறையாக இறுகும். பின்னர் முரசு வீங்கும், இரத்தம் கசியும், நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். பெரும்பாலும் நோவின்றியே இவை நிகழ்வதால், பல் ஆடும்வரை பலர் அறிவதில்லை. நீரிழிவு உடையோரை இந்நோய் கடுமையாகப் பற்றும்.

இரண்டாவது பகை சொத்தை. முரசு ஒதுங்கும்போது பல்லின் வேர் வெளிப்படும். மேற்பல்லுக்குள்ள வன்மையான கவசம் வேருக்கு இல்லை. ஆதலால் சொத்தை அங்கே எளிதிற் பற்றுகின்றது. இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு உண்ணும் மருந்துகள் சில உமிழ்நீரைக் குறைப்பதும் இதற்குத் துணைபோகின்றது. வாய் வறள்வோர் அடிக்கடி நீர் பருகுதலும், இனிப்பைக் குறைத்தலும், வைத்தியரிடம் அதனைக் கூறுதலும் நன்று.

காக்கும் வழி எளியது. காலையிலும் இரவில் உறங்குமுன்னும் மென்மையான தூரிகையும் புளோரைட் கலந்த பற்பசையும் கொண்டு இரண்டு நிமிடம் துலக்குதல் வேண்டும். உமிக்கரியும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்ப்பன. பொய்ப்பல் அணிவோர் இரவில் அதனைக் கழற்றித் துலக்கி, நீரிலிட்டு வைத்தல் வேண்டும்.

இனி, வெற்றிலைத் தட்டம். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வாயில் வெண்திட்டு, செந்திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயைத் திறப்பதில் இறுக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வைத்தியரை நாடுதல் வேண்டும். நோவில்லையே என்று வாளாவிருத்தல் உயிருக்கே கேடாகும். தொடக்கத்திற் கண்டறியின் குணமாகும் வாய்ப்பு மிகுதி.

பெற்றோரின் கண்ணுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள், அவர்களது வாயையும் ஆண்டுக்கொருமுறை பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளில் இதற்குக் கட்டணம் இல்லை. பல் போனால் சொல் போச்சு என்பர். மென்று உண்ணும் உணவும் பேரப்பிள்ளைகளுக்குத் தெளிவாய்ச் சொல்லும் கதையும் முதுமையின் உரிமைகள். அவற்றை வயதின் பெயரால் இழந்துவிடலாகாது.