வேலை கொடுப்போரின் கடமை

 

கல்வியைப் பற்றிப் பேசுவது தலைமையாசிரியர்களின் வழக்கம். இன்று நான் கற்றபின் செய்யும் தொழிலைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். நம் இளைஞர் பலர் கட்டடம் கட்டுதல், மின்கம்பி அமைத்தல், வண்ணம் பூசுதல் முதலிய வேலைகளை எடுத்து நடத்தத் தொடங்கியுள்ளனர். வேலை கேட்டு நின்ற சமுதாயம் இன்று வேலை கொடுக்கிறது. தனித்தொழில் செய்யும் ஒரு கொத்தனாரையோ மின்பணியாளரையோ நாம் ஒப்பந்தத்தில் அமர்த்தும்போது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இதுவே என் பேச்சின் பொருள்.

இதற்கு விடை நம் தஞ்சைத் தரணியின் வரலாற்றிலேயே உள்ளது. பண்ணையாட்களாய் இருந்த நம் முன்னோர்க்கு வேலைக்கு அளவில்லை. நேரத்திற்கு வரையறை இல்லை. மிராசுதாரின் வாய்ச்சொல்லே சட்டம். 1944ஆம் ஆண்டு மன்னார்குடி ஒப்பந்தம்தான் சவுக்கடியும் சாணிப்பாலும் இனிக் கூடா என்று எழுத்தில் வைத்தது. 1948இல் மாயவரம் ஒப்பந்தமும், 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. எழுத்தில் ஏறிய பிறகே உரிமை கேட்பதற்கு ஒரு பிடி கிடைத்தது.

அதன்பின் நடந்ததையும் மறத்தல் ஆகாது. நிலவுடைமையாளர் பலர் பண்ணையாட்களை நீக்கிவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் அமர்த்தினர். ஆளின் பெயர் மாறியது. அமர்த்தியவரின் பொறுப்பு நீங்கியது. கூலிப் பூசல் தொடர்ந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின.

ஆகவே, பெயரை மாற்றிப் பொறுப்பைத் தட்டிக் கழித்தல் நமக்கு அடாது. தம் கருவியோடு வந்து, தம் முறைப்படி செய்து, பிறர் வேலையையும் ஏற்பவரே தனி ஒப்பந்தக்காரர். நம் கருவியைக் கொடுத்து, இன்ன நேரத்தில் வா, இன்னவாறு செய் என்று நாள்தோறும் ஏவினால் அவர் நம் தொழிலாளி ஆவார். தாளில் வேறு பெயர் எழுதினாலும் அது மாறாது. 1973இல் உச்ச நீதிமன்றம் ஒரு தையற்கடை வழக்கில் தீர்ப்பளித்தது. உருப்படிக் கணக்கில் கூலி பெற்றாலும், கடையின் இயந்திரத்தில் தைத்து, குறை கூறினால் திருத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் அக்கடையின் தொழிலாளரே என்பது தீர்ப்பு. அக்கடையின் பெயர் ‘சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ்’! நம் வெள்ளி விழாவுக்கும் ஏற்ற பாடமன்றோ?

அடுத்தது எழுத்து. வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். ஆயினும் மெய்ப்பித்தல் அரிது. ஆதலின் வேலை தொடங்குமுன் ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். வேலை யாது, எந்நாளில் முடிவது, பொருள் வாங்கித் தருபவர் யார், கூலி என்ன, எந்நாளில் தருவது, பழுது நேர்ந்தால் யார் செலவில் திருத்துவது ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். அளக்கும் முறையையும் குறியுங்கள். வண்ணம் பூசுவதைச் சதுர அடியில் அளக்கும்போது கதவு, சன்னல் திறப்புகளைக் கழிப்பதா, சேர்ப்பதா என்பதிலேயே பூசல் பிறக்கிறது. எழுதியதை உரக்கப் படித்துக் காட்டி, இரு படிகளில் இருவரும் கையொப்பமிட்டு, ஒன்றை அவரிடம் கொடுங்கள். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல் போதும். அசலை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

முன்பணத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. கொடுத்த தொகையை எழுதி, எந்தக் கூலியில் எவ்வளவு கழிப்பது என்றும் குறியுங்கள். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறிடம் போகவிடாது பிணித்து வேலை வாங்குவது, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். நம் பாட்டன்மாரைக் கட்டிய கயிற்றை நாமே திரித்தல் தகுமா?

முதல் நாளன்று வேலையிடத்தைச் சுற்றிக் காட்டுங்கள். மின் இணைப்பைத் துண்டிக்கும் இடம், குடிநீர், ஐயம் எழுந்தால் கேட்க வேண்டியவர் ஆகியவற்றை அறிவியுங்கள். கட்டட வேலை செய்பவர் 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துள்ளாரா எனக் கேளுங்கள். இல்லையேல் பதிவுக்கு வழிகாட்டுங்கள். விபத்து நேர்ந்தபின் பதிவைத் தேடிப் பயனில்லை.

இளைஞர்களே! இச்சங்கம் உங்களுக்கு எழுத்தறிவு தந்தது. அந்த எழுத்து உங்களிடம் வேலைக்கு வருபவரின் கூலியையும் மானத்தையும் காக்கட்டும். அவர் எக்குலத்தவராயினும், நம்மினும் எளியவராயினும், ‘வாருங்கள்’ என்றழைத்து, அமரச் செய்து, கணக்கை முன்வைத்துப் பேசுங்கள்.