பொங்கலுக்கு ஒரு சமையல் புத்தகம்

பொங்கல் வந்தால் வேட்டி, புடவை, எவர்சில்வர் பாத்திரம் என்று பரிசு தேடுகிறோம். அதே நாட்களில்தான் சென்னையில் புத்தகக் காட்சியும் நடக்கிறது. அங்கே ஒரு சமையல் புத்தகமும் வாங்கலாமே!

எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' 1951-இல் வெளிவந்தது. சமையலைக் கைப்பக்குவமாக, வாய்வழியாகவே கற்றுக்கொண்ட காலம் அது. அவரோ சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு, எதை எப்போது போட வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்வதுபோல எழுதினார். கல்யாணமாகி வெளியூர், வெளிநாடு போன எத்தனையோ பெண்களின் பெட்டியில் அந்தப் புத்தகமும் போனது. தாய்வீட்டுச் சீரில் அதற்கும் ஓர் இடம் இருந்தது. இன்று அதை மகனுக்கும் கொடுக்க வேண்டும் என்பேன். விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைக்குப் பசி இல்லையா என்ன?

சமையல் புத்தகம்தான் என்றில்லை; சினிமாப் பைத்தியமான நண்பருக்கு சு. தியடோர் பாஸ்கரனின் 'எம் தமிழர் செய்த படம்' நல்ல பரிசு. நம் திரைப்பட வரலாற்றைப் பொறுப்போடு சொல்லும் நூல் அது.

கொடுக்கும்போது முதல் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதிக் கொடுங்கள். சமையல் புத்தகமென்றால், உங்கள் வீட்டு வத்தக்குழம்பின் பக்குவத்தையும் கடைசிப் பக்கத்தில் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள்.