நடந்து வெட்டுவதா, அமர்ந்து வெட்டுவதா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்பெறுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ புல். இதைக் கேட்டுச் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், நம் குடியிருப்பின் இளைஞர் சிலர் ஒன்றுகூடிப் புல்வெட்டும் தொழில் தொடங்க எண்ணுகின்றனர் என்பது நீங்கள் அறிந்ததே. அமர்ந்து ஓட்டும் இயந்திரத்தைக் கடன் பெற்று வாங்கவேண்டும் என்கின்றனர் ஒரு சாரார். பின்னின்று நடத்திச் செல்லும் சிறிய இயந்திரமே போதும் என்கின்றனர் மற்றொரு சாரார். அந்தக் கடனுக்கு ஈடாகப் போகவிருப்பது நம் தாய்மார்களின் நகை. ஆதலின் இஃது இளைஞர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் வாதம் அன்று. வீட்டில் உள்ளோர் அனைவரும் அமர்ந்து ஆராயவேண்டிய கேள்வி.

முதற்கண், நாம் வாழும் மண்ணை நோக்குவோம். 1956 நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததே அன்றி, மண்ணின் இயல்பைப் பிரிக்கவில்லை. அமரவிளை, இஞ்சிவிளை, களியக்காவிளை என்னும் பெயர்களைப் பாருங்கள். 'விளை' என்பது மேட்டு நிலத்துத் தோட்டம் அன்றோ? ஏலாவிற்கு மேலே படிப்படியாக ஏறிச்செல்லும் செம்மண் சரிவுகளும், அவற்றில் கையகலத் தோட்டங்களுமே நம் பகுதியின் அமைப்பு என்பதை அப்பெயர்களே சொல்லிவிடுகின்றன.

நிலம் சிறிதாயிருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1970 சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தால், பிறர் நிலத்தில் குடில் கட்டி வாழ்ந்த குடிகிடப்புக்காரர்கள் ஊராட்சிப் பகுதிகளில் 10 சென்ட் வரையிலும், நகராட்சிகளில் 5 சென்ட் வரையிலும் தமக்கென்று நிலம் பெறும் உரிமை எய்தினர். ஏழைக்குக் காலூன்ற இடம் தந்த நற்செயல் அது. அதன் பின்னர்ப் பாகப்பிரிவினைகளும் சேர்ந்துகொண்டன. 2015-16 ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு 1.08 எக்டேர், கேரளத்தில் அது 0.18 எக்டேர், அதாவது ஏறத்தாழ 44 சென்ட் மட்டுமே. இந்த எண்ணை இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். நம் கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதி இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது.

இனி இயந்திரத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்னும் ஊரைச் சார்ந்த எட்வின் பட்டிங் என்பவர் 1830 ஆம் ஆண்டில் புல்வெட்டும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நூற்பிசிறுகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரமே அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது. துணியின் பிசிறை வெட்டும் உருளை நிலத்தின் புல்லையும் வெட்டாதோ என்று அவர் எண்ணினார், வெட்டிற்று. நெசவுக்குப் புகழ்பெற்ற பலராமபுரம் நம் தாலுகாவிலேயே உள்ளது. தமிழ் வழிவந்த நெசவாளர் பலர் தறியோசையை அங்கு வளர்த்தவர்கள். ஆகவே, தறிக்கும் புல்லுக்கும் உள்ள இந்த உறவு நமக்கு இன்பம் தருவதே. 1902 ஆம் ஆண்டில் ரான்சம்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் பெட்ரோலால் இயங்கும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அகன்ற புல்வெளிகளும் பெரும் பூங்காக்களும் உடைய நாடுகளில், அமர்ந்து ஓட்டும் இயந்திரம் வளர்ந்து பெருகியது இயல்பே.

நம் நாட்டிலோ வயலில் இதே கேள்வி முன்னரே எழுந்து, விடையும் கிடைத்துவிட்டது. சிறு வயல்களில் டிராக்டர் இறங்கித் திரும்ப இடமின்றி இடர்ப்பட்டபோது, பின்னின்று நடத்திச் செல்லும் பவர் டில்லர் பயன் தந்தது. 1973 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கேரள அரசின் 'கம்கோ' நிறுவனம் அங்கமாலியை அடுத்த அத்தாணியில் அதனைச் செய்து வழங்கி வந்துள்ளது. பெரியது சிறந்தது என்பதன்று, நிலத்திற்குப் பொருந்துவதே சிறந்தது என்பதை உழவர்கள் அப்போதே கண்டுகொண்டனர்.

இப்பொழுது கணக்கிற்கு வருவோம். நடந்து வெட்டும் இயந்திரத்தின் வெட்டகலம் பெரும்பாலும் 21 அங்குலம். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்து, திரும்புதலுக்கும் ஓரத்தை மீண்டும் வெட்டுதலுக்கும் கால்பங்கு கழித்தால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 40 சென்ட் வெட்டலாம். அமர்ந்து ஓட்டும் இயந்திரத்தின் வெட்டகலம் 42 அங்குலம் என்றும், வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் என்றும் கொண்டால், அதே கழிவு போக ஏறத்தாழ 118 சென்ட் வெட்டலாம். மூன்று மடங்கு! இதைக் கண்டுதான் நம் இளைஞர்கள் மயங்குகின்றனர்.

ஆனால் 10 சென்ட் மனையில் வீடும் கிணறும் வாழையும் தென்னையும் போக, புல்தரை 5 சென்ட் இருந்தாலே மிகுதி. அதனை நடந்து வெட்டினால் 8 நிமிடம். அமர்ந்து வெட்டினால் 3 நிமிடம். மிச்சம் 5 நிமிடம். அமர்ந்து ஓட்டும் இயந்திரத்தின் எடையோ ஏறத்தாழ 200 கிலோ. அதனைச் சரக்கு வண்டியிலிருந்து பலகை சாய்த்து இறக்கவும், கட்டி மீண்டும் ஏற்றவும் 10 நிமிடமேனும் செல்லும். ஒரு நாளில் எட்டு வீடு வெட்டினால் 40 நிமிடம் மிச்சம், 80 நிமிடம் நட்டம். அன்றியும் மூன்றடி அகலமுள்ள பக்கவாசலில் மூன்றரை அடி இயந்திரம் நுழைவது எங்ஙனம்? நடந்து வெட்டும் இயந்திரத்தையோ இருவர் கைகொடுத்துத் தூக்கி வேலிக்கு அப்பால் வைத்துவிடலாம்.

கடனின் கணக்கு இன்னும் கடுமையானது. விலைகள் நாளுக்கு நாள் மாறுவன; ஆதலால் கணக்கிற்காக மட்டும், பெரிய இயந்திரம் 4 இலட்சம் ரூபாய் என்றும், சிறியது 50,000 ரூபாய் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக் கடன் பெற்றால், பெரியதற்கு மாதத் தவணை 13,286 ரூபாய். சிறியதற்கு 1,661 ரூபாய். வேறுபாடு 11,625 ரூபாய். ஓர் ஏக்கர் வெட்டுவதில் பெரிய இயந்திரம் மிச்சப்படுத்துவது ஏறத்தாழ ஒரு மணி நாற்பது நிமிடம். எட்டு மணி உழைப்பிற்கு 1,000 ரூபாய் என்று வைத்தால், ஏக்கருக்கு 206 ரூபாய் மிச்சம். அப்படியாயின், அந்த 11,625 ரூபாயை ஈடுசெய்ய மாதந்தோறும் 56 ஏக்கர் வெட்டவேண்டும். மாதத்தில் 20 நாள் வேலை என்றால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 ஏக்கர் சமதளப் புல்வெளி! பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, செங்கல், காரோடு, குளத்தூர் ஊர்களில், நாள்தோறும் நமக்காக அத்துணைப் புல்வெளி காத்திருக்கிறதா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பருவத்தையும் மறத்தலாகாது. இடவப்பாதியில் தொடங்கும் மழையும், துலாம் மாதத்து மழையும் நமக்கு உண்டு. அந்த மாதங்களில் புல் வளர்ந்துகொண்டே இருக்கும், அழைப்புகளும் ஓயா. மாசி, பங்குனி வெயிலில் புல் கருகும்; அழைப்பு குறையும். தவணையோ கருகுவதில்லை. வேலையில்லா மாதத்தில் யானையைக் கட்டித் தீனி போடுவது எத்தகைய துன்பம் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதனால் அமர்ந்து ஓட்டும் இயந்திரம் பயனற்றது என்பது நம் கருத்து அன்று. அதன் பக்கமும் நீதி உண்டு. 21 அங்குல இயந்திரத்தால் ஓர் ஏக்கரை வெட்டுபவர், ஓரம் மீள வெட்டுவதைக் கணக்கிடாமலே, ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு, முழங்கால் வலியோடு உழைப்பவருக்கு, இருக்கை என்பது ஆடம்பரம் ஆகாது. அஃது ஆயுளைக் காப்பது. பள்ளி மைதானமோ, விளையாட்டரங்கமோ, கோவளத்துக் கடற்கரை விடுதியின் புல்வெளியோ, ஒரே இடத்தில் இரண்டு ஏக்கர் சமதளமாகக் கிடைக்குமானால், நடந்து வெட்ட ஐந்து மணி. அமர்ந்து வெட்ட ஒன்றே முக்கால் மணிக்கும் குறைவு. அங்கே பெரிய இயந்திரமே வெல்லும். ஆயினும் அத்தகைய நிலையங்கள் தமக்கென இயந்திரமும் ஆளும் வைத்திருத்தல் கூடும் என்பதை முன்னரே விசாரித்து அறியவேண்டும்.

சரிவுகளைப் பற்றியும் ஒரு சொல். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் அமர்ந்து ஓட்டும் இயந்திரத்தைச் செலுத்தலாகாது என்பது செய்வோர் பொதுவாகத் தரும் எச்சரிக்கை. அதனைச் சரிவில் மேலும் கீழுமாகவே ஓட்டவேண்டும்; குறுக்கே ஓட்டினால் கவிழும். நடந்து வெட்டுவதையோ குறுக்காகவே நடத்தவேண்டும். மேலும் கீழுமாக நடத்தினால் கால் வழுக்கி அலகின்மேல் விழ நேரும். மழைக்காலத்து ஈரச் செம்மண்ணில் பெரிய இயந்திரத்தின் சக்கரம் தடம் பதித்து, அழகிய புல்தரையைப் பாழாக்கும் என்பதும் நினைக்கத்தக்கது.

இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது ஒன்று உண்டு. மலையாள அன்பர்கள் 'காடு வெட்டு யந்திரம்' என்று வழங்கும் பிரஷ் கட்டரே அது. தென்னந்தோப்பிலும், ரப்பர்த் தோட்டத்தின் படிக்கட்டுச் சரிவிலும், கல்லும் குற்றியும் மறைந்த புதரிலும் சக்கர இயந்திரம் இரண்டும் தோற்கும். தோளில் மாட்டும் இதுவே வெல்லும். நம் ஊரில் அழைப்புப் பெரும்பாலும் இதற்கே. சிங்காரப் புல்தரை வைத்திருப்போர் சிலர். புதர் மண்டிய தோட்டம் வைத்திருப்போர் பலர். வெளிநாட்டில் பிள்ளைகள் வாழ, பூட்டிய வீட்டின் முற்றத்தில் காடு வளரும் மனைகளும் குறைவல்ல. கிருஷி பவன்களைச் சார்ந்து இயங்கும் கார்ஷிக கர்ம சேனைகளும் இவ்வேலையைச் செய்கின்றன. அவர்களோடு போட்டியிடுவதினும், அவர்களிடம் பயிற்சி பெறுவதும் வேலையைப் பகிர்வதும் நன்று.

தாய்மார்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று. நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் 21 அங்குல அலகின் நுனி, மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதில் பட்ட கூழாங்கல் கல்லாக இராது, குண்டாகப் பாயும். ஆகவே, கண்ணாடியும் காலணியும் இன்றி எந்த மகனையும் வேலைக்கு அனுப்பாதீர். இயந்திரம் ஓடும் முற்றத்தில் குழந்தைகளை விடாதீர். நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியைக் கேட்டால் செவி கெடும். பிரஷ் கட்டரின் ஒலி அதனினும் மிகுதி. செவிக்காப்பின் விலையைச் செலவு என்று கருதுவோர், செவியின் விலையை எண்ணட்டும்.

அன்பர்களே! நம் முடிபைச் சுருங்கச் சொல்லுவோம். முதலில் வேலையை எண்ணுங்கள். பின்னர் இயந்திரத்தை எண்ணுங்கள். ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்தி வரைந்து, சுற்றுவட்டத்தில் கேட்கக்கூடிய ஒவ்வொரு மனையையும் எழுதுங்கள்: சமதளப் புல்தரை எத்தனை சென்ட், சரிவு எத்தனை, புதர் எத்தனை என்று. இரண்டு பிரஷ் கட்டரும், நடந்து வெட்டும் இயந்திரம் ஒன்றும் கொண்டு ஓராண்டு உழையுங்கள். இரு மழையையும் ஒரு கோடையையும் காணுங்கள். நாளொன்றுக்கு மூன்று ஏக்கர் சமதளம் எழுத்து மூலமான ஒப்பந்தமாகக் கைக்கு வருமானால், அன்று அமர்ந்து ஓட்டும் இயந்திரத்தை வாங்குங்கள். அதுவரை, தேவை நேரும் நாளில் வாடகைக்கு எடுக்க முயலுங்கள். களியக்காவிளைக்கு அப்பால் வேலை கிடைத்து இயந்திரத்தைச் சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்வதாயின், வண்டிக்கு வேண்டிய அனுமதிகளை முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள்.

நடந்து செல்பவன் தாழ்ந்தவன், அமர்ந்து செல்பவன் உயர்ந்தவன் என்னும் எண்ணம் ஒன்று இவ்விவாதத்தில் மறைந்து நிற்பதை நாம் காண்கிறோம். இளைஞர்களே, அது வேண்டா. தலைச்சுமையும் தறியும் மண்வெட்டியும் கொண்டு இம்மண்ணில் வேரூன்றியவர்கள் நம் முன்னோர். அவர்கள் யாரிடமும் கடன்பட்டுப் பெருமை வாங்கவில்லை. தாயின் நகை தாயின் கழுத்திலேயே இருக்க, தன் காலால் நடந்து நாட்கூலி ஈட்டும் மகனே நமக்குப் பெருமை.

 வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்!