மௌனத்துக்கு விடும் இடம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிதைத் தொகுப்பு அச்சேறுமுன் கைப்பிரதி மற்றொருவர் பார்வைக்குச் செல்கிறது. தாளின் விளிம்புவரை எழுத்துகளை நெருக்கி எழுதியிருந்தால் திருத்துபவர் பேனாவை வைக்கவும் இடமிராது. இசைப்பதிவின் நிலையும் இதுவே. குரலும் கருவிகளும் தனித்தனித் தடங்களில் பதிவாகின்றன. ஒலிக்கலவையாளர் அவற்றை ஒரு பாட்டாக இணைக்கிறார். பின்னர் அப்பாட்டு 'மாஸ்டரிங்' எனும் இறுதிச் செப்பத்துக்குப் போகிறது. அங்கே புதிய செவி ஒன்று அதனைக் கேட்கிறது. பாட்டுக்குப் பாட்டு வேறுபடும் ஒலியளவையும் நிறத்தையும் இடைவெளியையும் சீர்செய்து மூலப்படியை உருவாக்குகிறது. அந்தச் செவியிடம் எதை, எந்த நிலையில் ஒப்படைப்பது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

அமெரிக்காவின் மெட்டாலிகா குழு 2008 செப்டம்பரில் 'டெத் மேக்னெட்டிக்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டது. முரசொலி நசுங்கியும் கிதாரின் ஒலி கரகரத்தும் இருப்பதாகக் கேட்டோர் பலர் குறைகூறினர். அதே பாடல்கள் 'கிதார் ஹீரோ' என்னும் கணினி விளையாட்டிலும் வந்தன. அங்கே அவை அத்தனை நெருக்கப்படவில்லை. முரசின் ஒவ்வோர் அடியும் தெளிவாக விழுந்தது. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்ட இரசிகர்கள் மீண்டும் கலவை செய்யக் கோரி ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டனர். தம்மிடம் வந்து சேரும் முன்பே அக்கலவை நசுக்கப்பட்டிருந்தது என்று, மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன் இரசிகர் ஒருவருக்கு எழுதிய மறுமொழி பின்னர் வெளியாயிற்று. உலகறிந்த கைவல்லுநர் ஒருவராலும் அதனை மீட்க இயலவில்லை.

ஏன் இயலவில்லை? எண்முறைப் பதிவில் சுழி டெசிபல் என்பது கூரை. அதற்கு மேல் இடமில்லை. அலையின் முகடு கூரையில் மோதினால் தட்டையாக வெட்டுண்டுபோகிறது. வெட்டுண்ட வடிவம் எங்கும் பதிவாவதில்லை. 'லிமிட்டர்' என்னும் கருவி முகடுகளை அமுக்கி, மற்றவற்றை மேலே தூக்குகிறது. பாட்டு உரக்கக் கேட்கும். ஆனால் மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள வேற்றுமை மாய்ந்துவிடும்.

ஆதலின் கலவையை அனுப்புவோர் உச்ச ஒலி கூரைக்குக் கீழே 3 முதல் 6 டெசிபல் வரை தாழ்ந்திருக்குமாறு விடுவது நன்று. மொத்தக் கலவையின்மீது ஒலியை உரக்கச் செய்வதற்கென்றே வைத்த லிமிட்டரை நீக்கிவிட வேண்டும். குறுந்தகட்டின் அளவு 16 பிட். அதன் ஒலிவீச்சு ஏறத்தாழ 96 டெசிபல். கலவையோ 24 பிட்டில் செல்ல வேண்டும். 16 பிட்டுக்குக் குறைப்பது இறுதிப் படியில் செய்யவேண்டிய வேலை. பதிவான மாதிரி வீதத்தை மாற்றவும் வேண்டா. எம்பி3 போன்ற சுருக்கிய வடிவில் அனுப்பவும் வேண்டா. பாட்டின் முன்னும் பின்னும் சில நொடி வெறுமையை விட்டுவைத்தல் நலம். கடைசிச் சுரத்தின் எதிரொலி அடங்குமுன் கத்தரித்துவிட்டால் அதன் உயிர் அறுபடும். பாடல்களின் வரிசையையும் தலைப்புகளின் சரியான எழுத்துக்கூட்டலையும் தனித்தாளில் எழுதி உடன் வைப்பதும் கடமையே.

உரக்க ஒலிப்பதே வெற்றி என்ற எண்ணத்துக்கு இன்று அடிப்படையும் இல்லை. கேட்புணர்வுக்கேற்ப ஒலியை அளக்கும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வகுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் அதனடிப்படையில் தன் வரையறையை வெளியிட்டது. ஸ்பாட்டிஃபை போன்ற இணைய இசைச் சேவைகள் பாடல்களை ஒரே அளவுக்குக் கொணர்ந்து ஒலிக்கச் செய்கின்றன. நசுக்கி உரக்கச் செய்த பாட்டின் ஒலியை அவை குறைத்துவிடுகின்றன. நசுக்கியதால் பெற்ற உரப்பு போய்விடுகிறது. நசுக்கியதால் இழந்த அடி மட்டும் திரும்புவதில்லை.

கவிஞர்கள் இதனை அறியாதவர் அல்லர். வரி முடிந்த இடத்தில் விடும் வெற்றிடமும் கவிதையின் பகுதியே என்பது அவர்கள் நாளும் கையாளும் உண்மை. மெல்லச் சொன்ன சொல் மெல்லவே நின்றால்தான் ஓங்கிச் சொன்ன சொல் ஓங்கும். கலவையை முடித்தவர் மேலே விட்டுவைக்கும் அந்த 6 டெசிபல் வெறும் வெற்றிடமன்று. அடுத்து வரும் செவியின்மீது அவர் வைக்கும் நம்பிக்கை அது.