கல்லும் கண்டலும்

நெய்தல் திணையை நூலில் கற்றோர் பலர். நிலத்தில் கற்றோர் சிலரே. தரங்கம்பாடி, பூம்புகார், பிச்சாவரம் ஆகிய மூன்றையும் வழிகாட்டியின் துணையோடு ஒரே நாளில் கண்டுவரும் உலா அக்குறையைப் போக்கத்தக்கது. ஆயினும் அவ்வுலா எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது விடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காலையில் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனிஷ்காரர் எழுப்பிய டேன்ஸ்பர்க் கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. 1706-இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார்; அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இவ்வூரிலேயே அச்சேறி 1715-இல் நிறைவுற்றது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோர் எவரும் இவ்வூரைக் கடந்து செல்லல் இயலாது. கோட்டைக்கு அருகில் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்து எழுந்த அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுபோயிற்று.

நண்பகலில் பூம்புகார். பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் போற்றிய துறைமுகத்தைத் தேடி வருவோர், காவிரி கடலொடு கலக்கும் மணற்பரப்பையே காண்கின்றனர். கீழையூரில் அகழ்ந்தெடுக்கப்பெற்ற செங்கற் படகுத்துறையும், பல்லவனேச்சுரத்துப் புத்த விகாரத்தின் அடித்தளமும் பழமைக்குச் சான்று பகர்கின்றன. இந்நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது.

ஆக, இவ்விரண்டு ஊர்களிலும் வழிகாட்டி சொல்வது கடல் கொண்டதன் கதை. கடலை எதிர்த்து நிற்பதன் கதை மாலையில் காத்திருக்கிறது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்தது பிச்சாவரம் காடு. படகு ஏறியதும், 1975-இல் வெளிவந்த ‘இதயக்கனி’ படத்தின் காட்சிகள் எடுக்கப்பட்ட இடத்தைப் படகோட்டி ஆர்வத்தோடு சுட்டுவார். பெரும்பாலும் உலா அவ்வளவில் முடிந்துவிடும். மரங்களின் பெயரைக் கேட்பார் அரியர்.

கேட்டால் விடை உண்டு. நீருக்குள் கால் ஊன்றியது போல் வேர்களை வளைத்து நிற்பது சுரபுன்னை. அதன் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டுப் பின் சேற்றில் வீழ்ந்து ஊன்றும். சேற்றுக்கு மேல் விரல்களைப் போல் மூச்சுவேர்களை நீட்டுவது வெண்கண்டல். பால் பட்டால் கண்ணுக்குத் தீங்கு செய்வது தில்லை. சிதம்பரத்தின் தலமரம் இதுவே. தில்லை, தில்லை என்று நாளும் ஓதுவோருள் அம்மரத்தைக் கண்ணாற் கண்டோர் எத்தனை பேர்?

நற்றிணை கண்டலை ஊருக்கு வேலியாகக் கூறுகிறது. ஐங்குறுநூறு தில்லையை அவ்வாறே கூறுகிறது. படிப்போர் இதனை அழகுக்காகச் சொன்ன அடைமொழி என்று கொள்கின்றனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, திறந்த கரையில் இருந்த சிற்றூர்களைவிட இக்காட்டுக்குப் பின்னிருந்த சிற்றூர்கள் குறைவாகவே இழந்தன. தொலைவும் மேட்டு நிலமும் துணைசெய்தன எனினும், மரங்களின் பங்கு மறுக்கற்பாலதன்று. வேலி என்று புலவர் சொன்னது அணியன்று, அறிவு.

அவ்வேலியை மாந்தரே பிரித்த காலமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் இக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டினர். வெட்டிய இடம் தாழ்ந்தது, ஓதநீர் தேங்கியது, உப்பு மிகுந்தது, கன்றுகள் பிழைக்கவில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதம் வந்து மீள வழி செய்தன. பட்ட நிலம் மீண்டும் பசுமை கண்டது. 2022-இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

பாவலர்களே, இடிந்த மதிலைப் பாடுதல் எளிது. அழிந்தது எதுவும் பாடியவரைத் திருத்துவதில்லை. உயிரோடு நிற்கும் மரமோ பிழையாகப் பாடியவரை நாணச் செய்யும். கண்டல் எது, தில்லை எது என்று அறியாது நெய்தல் பாடுவோர் சொல்லை மட்டுமே காக்கின்றனர். பொருளை இழந்த சொல் நெடுநாள் வாழாது. பத்தாண்டு நிறைவுகண்ட இவ்வட்டம், அடுத்த உலாவில் ஒவ்வொரு மரத்தின் முன்னும் படகை நிறுத்தி, அதன் பெயரைச் சொல்லி, அதன்பின் அம்மரம் வரும் பாட்டைப் படிக்குமாயின், அதுவே நெய்தலுக்குச் செய்யும் நன்றியாகும்.